தண்ணீர் அடங்கும்வரை

கடலில் கவிழக்கூடிய கப்பலை முன்கூட்டியே கட்டடத்துக்குள் வைத்துக் கவிழ்த்துப் பார்ப்பது ஒரு நாகரிக அரசின் தலையாய கடமை. அந்தக் கடமையை ஆற்றுவதற்கென்றே மாதிரிக் கப்பல் சோதனை நிலையம் நிறுவப்பட்டிருந்தது. தகரக் கூரைக்கு அடியில் நூறடி நீளத் தொட்டி. அதன் ஒரு முனையில் கதவு மாதிரி ஓர் இரும்புப் பலகை. பொத்தானை அமுக்கினால் பலகை முன்னும் பின்னும் ஆடி அலை கிளப்பும். பொத்தானை அமுக்குகிறவருக்குக் கோப்புகளில் ‘முதல்நிலை அலை இயக்குபவர்’ என்று பெயர். இரண்டாம் நிலையில் யாரும் கிடையாது. எல்லாரும் அவரை அலைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு சோதனை முடிந்ததும் உடனே அடுத்த அலையைக் கிளப்பக் கூடாது. பழைய அலை சுவரில் மோதித் திரும்பி, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே உலாத்திக்கொண்டிருக்கும். அது அடங்கக் கால் மணி நேரம் பிடிக்கும். அதுவரை அலைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பதிவேட்டில் ‘தண்ணீர் அடங்கியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழாமல் கப்பலை நகர்த்தக் கூடாது என்பது நிலையத்தின் பதினான்காம் விதி.

புதிதாக வந்த இயக்குநர் முதல் நாளே இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“என்ன பண்றீங்க?”

“தண்ணி அடங்கட்டும்னு உக்காந்திருக்கேன் சார்.”

“நீங்க உக்காந்தாத்தான் அடங்குமா? தானா அடங்காதா?”

“தானாத்தான் சார் அடங்கும். அடங்கிடுச்சான்னு பாக்கத்தான் நான்.”

“ஆக, தானா நடக்குற வேலைக்கு ஒரு ஆள், ஒரு முக்காலி!”

மறுநாள் அலைக்காரருக்குக் குறிப்பாணை வந்தது. குற்றம்: பணி நேரத்தில் தண்ணீரைப் பார்த்தல்.

அப்போது தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது, எதிரே இருக்கும் தீவுக்கு விடப்போகிற பயணிகள் கப்பலின் மாதிரி. நிஜக் கப்பலில் இருபதில் ஒரு பங்கு. நிஜக் கப்பலும் கட்டி முடிந்து துறையில் சாயம் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கேப்டனாக நியமிக்கப்பட்டிருந்தவன் வேறு யாருமில்லை, அலைக்காரரின் சொந்த மச்சான், மனைவியின் தம்பி. நாலு தடவை தேர்வு எழுதி ஐந்தாவதில் தேறியவன்.

அன்று மத்தியானம் அலைக்காரர் பத்து சென்டிமீட்டர் அலையை விட்டார். மாதிரிக் கப்பல் ஒரு தரம் ஆடியது, இரண்டாம் தரம் சாய்ந்தது, மூன்றாம் தரம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அலைக்காரர் இயக்குநரிடம் ஓடினார்.

“பத்து சென்டிமீட்டரா? ஒரு சாண்கூட இல்ல! அதுல கவுந்தா தப்பு கப்பல் மேலயா, உங்க மேலயா?”

“கப்பல் எப்படிச் சின்னதோ, அலையும் அப்படிச் சின்னது சார். கடல்ல அது ரெண்டு மீட்டர். தினமும் வர்ற அலைதான்.”

“கடல் நம்ம நிலையத்துக்குக் கட்டுப்பட்டது இல்ல. தொட்டிக்குள்ள நடக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

வீட்டிலோ கல்யாணக் களை. “ஏங்க, தம்பிக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் குடுத்தாச்சு. பொத்தான் எல்லாம் தங்கக் கலர்! தீவுல இருக்கிற அக்காவைப் பாக்க இனி அவன் கப்பல்லயே போகலாம். முதல் நாளே நான் ஏறிடுவேன், சொல்லிட்டேன்.”

“சட்டையோட நீந்த வருமா அவனுக்கு?”

“உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?”

அந்தச் சமயம் பார்த்து அலுவலகங்களில் அமைதி என்ற புது மோகம் பரவியது. எந்தத் துறைக்குப் போனாலும் யாராவது ஒருவர் கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். சோதனை நிலையத்துக்கும் ஓர் அமைதிப் பயிற்சியாளர் அம்மையார் நியமிக்கப்பட்டார். வெறுங்காலோடு வந்தார். தொட்டியைப் பார்த்ததும் உருகிப்போனார்.

“இவ்வளவு பெரிய அமைதியைக் கையில வச்சுக்கிட்டு, கப்பலைக் கவுத்துக்கிட்டு இருக்கீங்களே! தண்ணியைச் சும்மா பாருங்க சார். அதுதான் மருந்து.”

இயக்குநர் பார்த்தார். மருந்து வேலை செய்தது. காலை பத்திலிருந்து ஒன்றுவரை, பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்துவரை அதிகாரிகள் அனைவரும் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. கரை நெடுக மெத்தை விரித்தார்கள். முக்காலியை எடுத்துப் பின்பக்கம் போட்டார்கள். அமைதிக்குப் பங்கம் என்பதால் அலை அடியோடு தடை செய்யப்பட்டது. ‘கவிழ்ந்தது’ என்ற சொல் மனத்தைப் புண்படுத்துவதால் இனி ‘பக்கவாட்டில் இளைப்பாறியது’ என்று எழுத உத்தரவு. அலைக்காரர் மீதிருந்த குறிப்பாணை மட்டும் அப்படியே இருந்தது. அதிகாரி பார்த்தால் பயிற்சி, அலைக்காரர் பார்த்தால் ஏய்ப்பு என்று தெளிவாக விளக்கியும் இருந்தார்கள்.

“ஒரே ஒரு அலை சார். என் மச்சான் உயிரு சார்,” என்று கெஞ்சினார் அலைக்காரர்.

“மனு குடுங்க.”

கொடுத்தார். ‘அலைக்கு முகாந்திரம் இல்லை’ என்று பதில் வந்தது.

மாதிரிக் கப்பல் ஆடாத தண்ணீரில் மூன்று நாள் ஆடாமல் மிதந்து வெற்றிகரமாகத் தேறியது. சான்றிதழுக்கு ஒரே ஒரு குறை, அலைக்காரரின் ‘தண்ணீர் அடங்கியது’. அவர் தொட்டியைப் பார்த்தார். அடங்கித்தான் இருந்தது. பொய் ஒன்றும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போட்டுக் கொடுத்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கோழைத்தனம் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

தொடக்க விழா அன்று துறை முழுக்கக் கொடி. பெரிய மனிதர்கள் எல்லாம் கரையில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநருக்கு இடுப்பு வலியாம், ஏற முடியாதாம். தண்ணீர் பார்ப்பதற்குத்தான், போவதற்கு இல்லை என்றார் அம்மையார். கப்பலில் பொதுஜனம் ஏறியிருந்தது. அலைக்காரரின் மனைவி முதல் வரிசை. கடலில் சாதாரண நாளுக்கு உண்டான சாதாரண அலை, ரெண்டு மீட்டர்.

தங்கப் பொத்தான் மின்ன மச்சான் கையை ஆட்டினான். “அத்தான் கையெழுத்துப் போட்ட கப்பல்! எனக்கு என்ன பயம்?”

அலைக்காரர் கத்தலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் இயக்குநர் கத்தினார்.

“என்னய்யா இது, ஆடுது? கோப்புல தண்ணி அடங்கியாச்சுன்னு இருக்கு. இங்க அடங்கலையே! கையெழுத்து யாரோடது?”

“என்னுது சார்.”

“அப்ப நீங்கதான் பொறுப்பு. இன்னைலேருந்து உங்க வேலை இங்கதான். அடக்குங்க!”

அலைக்காரர் திறந்த வாயை மூடினார். அவர் மண்டைக்குள் ஏதோ பளிச்சென்றது.

“எழுத்துல குடுங்க சார்.”

இயக்குநர் கோபத்தில் அங்கேயே எழுதிக் கொடுத்தார். அலைக்காரர் ஆள் அனுப்பி முக்காலியை வரவழைத்தார். கப்பலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து கடலைப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்துப் பதிவேட்டில் எழுதினார்: ‘தண்ணீர் அடங்கவில்லை. விதி பதினான்கின்படி கப்பலை நகர்த்தக் கூடாது.’ விதி என்றதும் கயிற்றை அவிழ்க்க வந்தவர்கள் திரும்பக் கட்டினார்கள். ரிப்பன் வெட்டப்பட்டது, கைதட்டல் எழுந்தது, கப்பல் நின்றது நின்றபடியே இருந்தது. மச்சான் பிழைத்தான், ஊரும் பிழைத்தது. அலைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அவருக்குச் சிலையே வைத்திருக்கலாம்.

கடல் அடங்கவில்லை. கடலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அலைக்காரருக்குத் தலைக்கு மேல் குடை வந்தது, முக்காலி நாற்காலியானது, நாற்காலிக்குக் கைப்பிடி முளைத்தது. பயணிகள் தினமும் வந்து கப்பலில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்து, நேரம் தவறாமல் இறங்கிப் போனார்கள். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது என்றார்கள். மச்சான் ஏறுகிறவர்களுக்கு ஒரு சல்யூட், இறங்குகிறவர்களுக்கு ஒரு சல்யூட் வைத்தான்.

ஆறாம் மாதம், அமைதி மோகம் ஓய்ந்து தொட்டியில் மறுபடி அலை கிளம்பியிருந்த சமயம், அங்கே அவர் இடத்துக்கு வந்திருந்த புது அலைக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“ஐயா, கப்பலோட அடியில கனத்தைக் கூட்டிப் பாத்தோம். பத்துல மட்டும் இல்ல, பதினஞ்சு சென்டிமீட்டர் அலையிலயும் கவுழல! நிஜக் கப்பல்லயும் அதே மாதிரி செஞ்சாச்சு. இனி அடங்காத கடல்லயே போகலாம். ஒரே ஒரு கையெழுத்து ஐயா!”

அலைக்காரர் காகிதத்தை வாங்கினார், படித்தார், நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அடியில் மடித்துச் செருகினார். “முகாந்திரம் இல்ல.”

அன்று சாயங்காலம் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். “ஏங்க, தீவுல அக்காவுக்குக் குழந்தை பிறந்து நாலு மாசம் ஆச்சு. இன்னும் முகம்கூடப் பாக்கல. கப்பலைத்தான் சரி பண்ணிட்டாங்களாமே, எப்பதான் விடுவீங்க?”

அலைக்காரர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மனு குடுத்தியா?”