எம்மா என்றால் முழுமை

பக்கத்து வீட்டு மாரம்மா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஹெசரு ஏனு?" என்று பேரைக் கேட்டாள்.

"எம்மா," என்றான் ஸ்டீவ்.

"எம்மெயா? எங்க கன்னடத்துல அது எருமைப்பா."

ஸ்டீவுக்குச் சுருக்கென்றது. மகள் பிறந்தபோது அவன் ஓசூர் கம்பெனியில் ஷிஃப்டில் இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பேரே பதிவாகிவிட்டது. மனைவி அருள்செல்வி ஆசைப்பட்டு வைத்த பேரை விட்டுக்கொடுக்க முடியுமா? போனில் தேடி அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

"ஜெர்மன் பேருக்கா. முழுமைன்னு அர்த்தம்."

"அப்ப முழு எருமை," என்றாள் மாரம்மா, குழந்தையைக் கொஞ்சியபடியே.

பாகலூரில் பாதி வீடுகளில் கன்னடம்தான். மறுநாள் கம்பெனியில் ஹரீஷ்குமார் கைகுலுக்கினான்.

"எம்மெ வாங்கிட்டியாமே. எத்தன லிட்டரு கறக்குது?"

"அது என் பொண்ணுடா."

அப்பா பேரை முன்னால் சேர்த்தால் மனுசப் பேராகத் தெரியும் என்று ஸ்டீவுக்குத் தோன்றியது. 'ஸ்டீவ் எம்மாவின் ஞானஸ்நானத்துக்கு வாருங்கள்' என்று வாட்ஸப்பில் எல்லோருக்கும் அனுப்பினான். கன்னடக்காரர்கள் வாயில் அது ஸ்டீவின் எருமை ஆகிவிட்டது. சாயங்காலம் சூளகிரியிலிருந்து ஒரு மாட்டு வியாபாரி போன் செய்தார்.

"சினையா, கறவையாங்க?"

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஸ்டீவ் மனைவியைத் தனியாக அழைத்தான். ஃபாதர் உள்ளே தயாராகிக்கொண்டிருந்தார்.

"அருளு, சங்கடப்படாத. நீ ஆசையா வச்ச பேருதான். ஆனா மாத்திரலாமா?"

அருள்செல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் எங்க வச்சேன்? எனக்கு லிபியான்னு வைக்கத்தான் ஆச. நீங்க ஊரெல்லாம் முழுமை முழுமைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. உங்க ஆசையக் கெடுக்க வேணாம்னு வாய மூடிட்டிருந்தேன்."

"நான் வைக்கலையே. அப்ப யாரு வச்சது?"

விழாவுக்கு வந்திருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் சுப்ரியா தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள்.

"நாந்தான் சார் எழுதினேன். டாக்டர் தையல் போட்டுட்டிருந்தாங்க. பாப்பாக்கு என்ன பேருன்னு கேட்டேன். அக்கா கண்ண மூடிட்டு 'எம்மா'ன்னாங்க."