செம்புத் தொப்பி போட்ட ரவுட்டர்

அடுக்குமாடி வாசலில் அப்படி ஒரு கூட்டம். தண்ணீர் லாரி வந்தால்கூட இத்தனை பேர் கீழே இறங்க மாட்டார்கள். வந்திருந்தவர் அலைவைத்தியர். மனிதருக்கு அல்ல, வீட்டு இன்டர்நெட்டுக்கு வைத்தியம் பார்ப்பவர்.

படம் ஏன் பாதியில் நின்று சுற்றுகிறது? மேல்மாடி ரவுட்டர் உங்கள் ரவுட்டரின் அலையை உறிஞ்சுகிறதாம். எதிர்வீட்டுக்காரி கண் வேறு பட்டிருக்கிறதாம். பரிகாரம், அவர் கையால் சக்தி ஏற்றிய செம்புத் தொப்பி. அதை ரவுட்டர் தலையில் கவிழ்த்து, யார் கண்ணும் படாமல் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

ஆதாரமும் காட்டுவார். தோஷம் அளக்கும்போது குளியலறைக் கோடியில் நின்று அலை அளக்கும் ஆப் உள்ள போனை நீட்டுவார், சிவப்பு எரியும். பலன் பார்க்கும்போது ரவுட்டரை உரசிக்கொண்டு நிற்பார், பச்சை எரியும். படித்தவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். அவர்களுக்கு அவசரம் அதிகம்.

மூன்றாம் மாடி மாமியாரும் ஒரு தொப்பியோடு வீடு வந்து சேர்ந்தாள். அன்றைக்கே ரவுட்டர் தொப்பியோடு பீரோவுக்குள் போனது. ஒரு ஆஸ்பத்திரிக்கு வரும் போன்களை வீட்டிலிருந்தே, நெட் வழியாக எடுத்துப் பேசுகிற வேலை மருமகளுடையது. ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பேசுவாள். தொப்பி வந்ததிலிருந்து அவள் குரல் துண்டு துண்டாகப் போனது. இன்னொரு தடவை அறுந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மாமியாரோ அசையவில்லை.

"தொப்பியக் கழட்டாத. பலன் வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் மோசமாத்தான் இருக்கும்னு வைத்தியர் சொல்லிருக்காரு."

என்ன அருமையான வைத்தியம்! நோய் கூடினால் மருந்து வேலை செய்கிறது. குறைந்தால் மருந்து வேலை செய்துவிட்டது. வைத்தியர் மட்டும் எந்தப் பக்கத்திலும் தோற்பதில்லை.

ஒருநாள் மருமகள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாமியார் துணி எடுக்க பீரோவைத் திறந்தாள். அறுந்த குரல் சட்டென்று ஒட்டிக்கொண்டது. கதவை மூடினாள், மறுபடி அறுந்தது. மருமகள் அதை மனதில் குறித்துக்கொண்டாள். அன்று மாலை மிகப் பணிவாக, வைத்தியரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பலன் பார்த்துவிடலாமே அத்தை என்றாள். மாமியாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வைத்தியர் வந்தார். பின்னாலேயே மாடிப்படி முழுக்கக் கூட்டம். கூடத்து மேசையில் தொப்பி வடிவில் ஏதோ ஒன்று துணி போர்த்தி இருந்தது.

"கண்ணு படக் கூடாதுன்னு மூடி வச்சிருக்கேன்" என்றாள் மருமகள்.

வைத்தியர் கண்ணை மூடி, துணிக்கு மேல் இரண்டு கையையும் விரித்தார். "என்னா உக்கிரம். கை சுடுதும்மா." பின்னால் நின்ற ரெண்டு பேருக்கும் சுட்டது. வீட்டு நெட்டில் இணைத்த போனை நீட்டினார். பச்சை.

அந்த நேரம் பார்த்து மேலாளரிடமிருந்து வேலை அழைப்பு வந்தது. மருமகள் அறுபடாமல் பேசி முடித்தாள். குரல் இப்போதுதான் தெளிவாக இருக்கிறது, இப்படியே இருந்தால் போதும் என்றார் மேலாளர். கூட்டம் பூரித்தது.

"பாத்தியா?" என்றாள் மாமியார்.

"நீங்களே துணிய எடுங்க அத்தை."

எடுத்தாள். தொப்பி. தொப்பியைத் தூக்கினாள். காலி பிஸ்கட் டப்பா.

"ரவுட்டர் எங்கடி?"

மருமகள் மேலே கைகாட்டினாள். பீரோவுக்குப் பக்கத்து அலமாரி உச்சியில், குழந்தையின் பொம்மைகளுக்கு நடுவே, மொட்டைத் தலையோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது ரவுட்டர். யாரும் ஒளித்து வைக்கவில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வைத்தியர் கணமும் தாமதிக்கவில்லை. "தொப்பியோட சக்தி அதுவரைக்கும் பாஞ்சிருக்கு."

"அப்ப நின்ன இடத்துலயே நில்லுங்க" என்று மருமகள் ரவுட்டருக்குத் தொப்பியை மாட்டி, பீரோவுக்குள் வைத்து, வயர் போக இடுக்கு விட்டுக் கதவைச் சாத்தினாள். வைத்தியர் கையிலிருந்த போன் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் சிவந்தது. அவர் முகமும்தான்.

மாமியார் பீரோவைத் திறந்து தொப்பியைப் பிடுங்கி அவர் கையில் திணித்தாள். "இத உங்க வீட்டுல வச்சுக்கங்க. சக்தி இங்க வரைக்கும் பாயட்டும்."

அவர் படியிறங்கியதும் இரண்டாம் மாடிக்காரர் மெல்லக் கேட்டார். "அப்ப ஆறு ஆன்டெனாக் கொம்பு வச்ச ரவுட்டர் வாங்கிடலாமா?"

"மாடா வாங்கப் போறீங்க, கொம்ப எண்ணுறதுக்கு?" என்றாள் மருமகள். "உங்க வீட்டுச் சுவர எண்ணுங்க, ஒவ்வொரு சுவரும் அலையக் கொஞ்சம் தின்னும். மோடம் வெளிய இருந்து வர்ற லைன உள்ள வாங்குது. ரவுட்டர் அத ரூம் ரூமா பங்கு போடுது. பங்கு போடுறவனப் பீரோவுல பூட்டிட்டு, பங்கு வரலன்னு அழுதா எப்படி? நடுவுல, உசரத்துல வைங்க. அப்பவும் கடைசி ரூமுக்கு எட்டலன்னா அப்புறம் பெருசா வாங்கலாம்."

அலைவைத்தியர் இப்போது அடுத்த தெருவில் இருக்கிறார். அங்கேயும் கூட்டம், அங்கேயும் பச்சை. ரவுட்டருக்குப் போட்ட தொப்பியைக் கழற்ற ஒரு மருமகள் போதும். அவரவர் தலையில் கவிழ்ந்திருப்பதை அவரவர்தான் தடவிப் பார்த்துக் கழற்ற வேண்டும்.