கட்டைவிரல் ஒப்பந்தம்

"மாமா, சுத்தவே மாட்டேங்குது" என்றான் கேமராவுக்குப் பின்னாலிருந்து மைத்துனன்.

இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். குன்றின் மேல் வரிசையாக நின்ற காற்றாலைகளில் ஒன்றுகூட அசையவில்லை. கீழே புல்லும் அசையவில்லை. காற்றைப் பற்றிப் படம் எடுக்க வந்த நாளாகப் பார்த்துக் காற்று விடுப்பு எடுத்துக்கொண்டிருந்தது.

"வரும், வரும். காத்து வராம எங்க போயிடப் போகுது?" என்றார்.

தன்னம்பிக்கைக்கு அவரிடம் என்றைக்குமே பஞ்சமில்லை. இதுவரை எடுத்தது பற்பசை, தண்ணீர்த் தொட்டி, ஒரு மெத்தைக் கடை ஆகியவற்றுக்கான விளம்பரங்கள்தான். எல்லாமே முழுநீளப் படத்துக்கு முன்னோட்டம் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். முன்னோட்டம் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்ததில் மனைவிக்கு அலுத்துவிட்டது. இந்தத் தடவையும் ஒன்றும் அமையாவிட்டால் வரும் திங்கட்கிழமையிலிருந்து மாமனாரின் டைல்ஸ் கடையில் உட்கார வேண்டும். மனைவி நிபந்தனை போட்டிருந்தால் பேசிச் சமாளித்திருப்பார். ஏதோ ஒரு வேகத்தில், சாப்பிட்ட கையோடு, அவரே கொடுத்த வாக்கு அது.

வாய்ப்பும் சாதாரணமானதல்ல. உள்ளூர் மின் நிறுவனமும் ஒரு வெளிநாட்டு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து அமைத்த காற்றாலைகள் இவை. அந்தக் கூட்டணியைப் பெருமைப்படுத்தி ஒரு குறும்படம் வேண்டும். வெளிநாட்டுக் கூட்டாளிகள் மூன்று பேர் படப்பிடிப்பை நேரிலேயே பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால், அவர்கள் காற்றாலை வைத்திருக்கும் ஐந்து நாடுகளிலும் படம் எடுக்கும் வேலை இவருக்கே. "அவங்க மனசு கோணாம பாத்துக்குங்க" என்று மின் நிறுவனத்தின் விளம்பர அதிகாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

சொன்னபடியே மூன்று பேர் காலையிலேயே குன்றேறி வந்துவிட்டார்கள். ஒரு நெட்டையர், ஒரு தாடிக்காரர், தொப்பி வைத்த ஓர் அம்மாள். வண்டி பாதி வழியில் பஞ்சர் என்பதைத் தாடிக்காரர் வாயாலேயே காற்றை இறக்கிக் காட்டி விளக்கினார். இவர் பேசியது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேசியது இவருக்குப் புரியவில்லை. இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது கட்டைவிரல் மட்டும்தான். உயர்த்தினால் சம்மதம். காலையிலிருந்து யாரும் அதைத் தாழ்த்தவே இல்லை.

இயக்குநரும் சும்மா வரவில்லை. வாசலில் பாதுகாப்புக்காக எல்லோருக்கும் மஞ்சள் தலைக்கவசம் கொடுத்தார்கள். அவர் மட்டும் அலமாரியில் இருந்த வெள்ளைக் கவசத்தையும், மின் நிறுவனத்தின் முத்திரை போட்ட மேல்சட்டையையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"சார், வெள்ளை உயர் அதிகாரிகளுக்கு" என்று சொல்லிப் பார்த்தார் காற்றாலைப் பொறியாளர் அம்மா.

"மஞ்சள் எனக்கு எடுபடாது மேடம்."

இப்போது நெட்டையர் காற்றாலையைக் காட்டி, ஒரு விரலை வட்டமாகச் சுழற்றினார். புருவத்தையும் உயர்த்தினார்.

"சுத்தணும்னு ஆசைப்படறாரு" என்ற இயக்குநர் பொறியாளரைக் கூப்பிட்டார். "மேடம், சுத்த விடுங்க."

"காத்து இல்லாம எப்படி சார் சுத்தும்?"

"இவ்வளவு படிச்சிருக்கீங்க. ஒரு வழியும் இல்லையா?"

பொறியாளருக்குச் சுருக்கென்றது. "ஏன் இல்லாம? இந்த மாடலுக்கு நாம கரண்டு குடுத்தா மெதுவா சுத்தும். ஆனா இது கரண்டு தயாரிக்கிற மிஷின் சார். அதுக்குப் போய் நாம குடுக்கறதா?"

"சினிமாவுல முதல்ல குடுக்கணும் மேடம். அப்புறம்தான் வாங்கணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கட்டுப்பாட்டு அறைக்குப் போனார். சற்று நேரத்தில் ஒரு காற்றாலை மட்டும் சோம்பல் முறித்துச் சுற்ற ஆரம்பித்தது. வெள்ளைக் கவசக்காரரின் ஒரு சொல்லுக்கு அத்தனை பெரிய இறக்கைகள் நகர்ந்ததைப் பார்த்து மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். மூன்று கட்டைவிரல்கள் உயர்ந்தன.

அடுத்து தொப்பியம்மாள், காற்றாலைக்கு முன்னால் நிறுத்தியிருந்த கதாநாயகியின் கூந்தலைச் சுட்டிக்காட்டி 'ஃபூ' என்று ஊதினார். அதுவும் நியாயம்தான். பின்னால் காற்றாலை சுற்றும்போது முன்னால் நிற்பவளின் முடி ஆடாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

"அந்தப் பெரிய ஃபேனை எடுங்கப்பா!"

ஆள் உயர மின்விசிறியைக் கொண்டுவந்து, கட்டுப்பாட்டு அறையிலிருந்து வயர் இழுத்துச் செருகினார்கள். 'டப்' என்று ஒரு சத்தம். மின்விசிறி சுற்றவில்லை. சுற்றிக்கொண்டிருந்த காற்றாலையும் நின்றது. அறைக்குள்ளிருந்து பொறியாளர் ஓடி வந்தார்.

"என்ன சார் பண்ணீங்க? உள்ள லைட்டு, கம்ப்யூட்டர், ஏசி எல்லாம் அவுட்டு!"

"ஏசி போனா என்ன மேடம், இதோ ஃபேன் கொண்டாந்திருக்கோமே."

"அதுவும்தான் சுத்தலையே!"

இதற்கெல்லாம் அசருபவரா இயக்குநர்? படப்பிடிப்புக்கு வந்த ஜெனரேட்டர் வண்டியை மேலே ஏற்றச் சொன்னார். டீசல் வண்டி முக்கி முனகி வந்து நின்றது. மின்விசிறி சுழன்றது, கூந்தல் பறந்தது. கூடவே கரும்புகையும் பறந்து வந்து கதாநாயகி, காற்றாலை, வானம் மூன்றையும் மறைத்தது.

"மாமா, படத்துக்குப் பேரு 'புகையில்லா நாளை'ன்னுதானே வச்சிருக்கோம்?" என்றான் மைத்துனன்.

"வாயை மூடிட்டு ஃபோகஸ் பண்ணு."

புகையைத் தடுக்கப் பெரிய தெர்மோகோல் அட்டைகள் தேவைப்பட்டன. பிடிக்க ஆள் போதவில்லை. இயக்குநர் தயங்கித் தயங்கி விருந்தாளிகளைப் பார்த்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நெட்டையர் ஓர் அட்டையைத் தூக்கிக்கொண்டார். தாடிக்காரர் இன்னொன்றைப் பிடித்தார். தொப்பியம்மாள் தரையில் சிக்கிக் கிடந்த வயரைப் பிரித்து, முழங்கையில் மாட்டி அழகாகச் சுற்ற ஆரம்பித்தார். இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாரு மாப்ள, எவ்வளவு பெரிய கம்பெனி! துளி பந்தா இருக்கா?"

"அது சரி மாமா. அந்த நெட்டையர் அட்டையைப் பிடிக்கிறாரு பாருங்க. வெளிச்சம் பொண்ணு முகத்துல கச்சிதமா விழுது. நம்ம லைட்மேனுக்கே இந்த வித்தை வராது."

"பெரிய மனுஷங்க எதைத் தொட்டாலும் அப்படித்தான் செய்வாங்க."

இடைவேளையில் மனைவி கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"என்னங்க, எப்படிப் போகுது? தம்பி ஏதோ புகைன்னான்?"

"புகை கிடக்கட்டும். வெளிநாட்டுக் கம்பெனியோட பெரிய ஆளு நமக்கு அட்டை பிடிச்சிட்டு நிக்கிறாரு. அந்தம்மா வயர் சுத்துறாங்க."

"நெஜமாவா?"

"உங்கப்பாகிட்ட சொல்லிடு. கடையில எனக்குப் போட்ட நாற்காலியை எடுத்துடச் சொல்லு."

மறுமுனையில் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகு நாளாகிவிட்டது. அவருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. நடுவில் விளம்பர அதிகாரியின் அழைப்பு வந்து குறுக்கிட்டது. மனைவி சிரிக்கும்போது அதிகாரியிடம் யார் பேசுவார்கள்? அவர் அதைத் துண்டித்துவிட்டுச் சிரிப்பைக் கேட்டு முடித்தார்.

மத்தியானம் புகை ஓய்ந்ததும் தூசி கிளம்பியது. மின்விசிறியின் வேகத்தை மைத்துனன் கூட்டிவிட, குன்றின் மண் பாதி கதாநாயகியின் கண்ணிலும் மீதி கேமராவுக்குள்ளும் போனது. கதாநாயகி முகம் கழுவப் போனாள். மைத்துனன் லென்ஸைக் கழற்றித் துடைக்க உட்கார்ந்தான். சரியாக அந்த நேரம் பார்த்து நிஜக் காற்று வந்தது.

காற்றாலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கம்பீரமாகச் சுழன்றன. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

"எடுடா! எடுடா!"

"எதுல மாமா எடுக்கறது? லென்ஸ் கையில இருக்கு!"

லென்ஸை மாட்டுவதற்குள் காற்று வலுத்தது. மின்விசிறி குப்புற விழுந்தது. தாடிக்காரர் அட்டையை விடாமல் பிடித்திருந்ததால் அட்டையோடு சரிவில் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தார். மைத்துனன் ஒருவழியாகக் கேமராவைத் தயார் செய்து நிமிர்ந்தபோது காற்றாலைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"இப்ப என்ன மேடம் ஆச்சு?" இயக்குநர் கத்தினார்.

"காத்து ரொம்ப அதிகமானா பாதுகாப்புக்காகத் தானா நின்னுடும் சார்."

"காத்து இல்லேன்னாலும் சுத்தாது, இருந்தாலும் சுத்தாதா?"

"அளவா இருந்தா சுத்தும். இன்னிக்கு இங்க எது சார் அளவா நடந்துச்சு?"

வெளிச்சம் மங்கியதும் மைத்துனன் எடுத்தவற்றை ஓட்டிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் தொங்கியது.

"புகை இருக்கு. தூசி இருக்கு. காத்தாலை சுத்துற ஷாட் ஒண்ணே ஒண்ணு தேறுது. அதுலயும் அது நிக்கும்போது மேடம் கையை நீட்டித் திட்டிக்கிட்டே ஃபிரேமுக்குள்ள ஓடி வர்றாங்க. அவ்வளவுதான் மாமா."

"போகட்டும் விடு" என்றார் இயக்குநர். ஒரு கவலையும் இல்லாத குரல். "படத்தை நாளைக்குத் திருப்பி எடுத்துக்கலாம். ஆளுங்களை இன்னிக்கே சம்பாதிச்சாச்சு. அவங்க முகத்தைப் பாரு."

மூன்று பேரும் கரியும் மண்ணுமாக நின்றார்கள். இருந்தாலும் சிரித்துக்கொண்டேதான் நின்றார்கள். பிறகு ஏதோ தங்களுக்குள் பேசி முடிவு செய்து, உடையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு, வரிசையாக இயக்குநரின் முன்னால் வந்தார்கள். நெட்டையர் நெஞ்சில் கை வைத்து நீளமாகப் பேச ஆரம்பித்தார். தொப்பியம்மாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒப்பந்தம்தான் பேசறாரு" என்று இயக்குநர் மைத்துனனின் காதில் சொன்னார். "அக்காவுக்குப் போன் போடு. அவளும் கேக்கட்டும்."

மைத்துனன் போன் போட்டு, ஒலிபெருக்கியைத் திறந்து, அக்காவைக் காத்திருக்கச் சொன்னான். அந்த நேரத்தில், பஞ்சர் ஒட்டி முடித்த வாடகை வண்டி மேலே வந்து நின்றது. ஓட்டுநர் அவர்கள் நாட்டில் சில வருடம் வண்டி ஓட்டியவர். அவர்கள் பேச்சு அவருக்குத் தெரியும். கையைத் துடைத்தபடி இறங்கி வந்து நெட்டையர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"என்னப்பா சொல்றாரு?" என்றார் இயக்குநர், வெள்ளைக் கவசத்தை நேராக்கிக்கொண்டு. "அஞ்சு நாடும் நமக்குத்தானாமா?"

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார்.

"அஞ்சு நாடு பத்தி ஒண்ணும் சொல்லல சார், இவங்க சினிமா எடுக்கறவங்க, கரண்டு கம்பெனி பெரிய ஆபீசரான நீங்க சொன்ன வேலையெல்லாம் காலையிலேர்ந்து மூச்சு விடாம செஞ்சிட்டாங்களாம், இனிமேலாவது இங்க ஷூட்டிங் நடத்த பர்மிஷன் குடுப்பீங்களான்னு கேக்கறாங்க."