ஸ்டெப் போடாத சென்டம் அண்ணாச்சி

உலகத்தில் எத்தனையோ பேர் மீனை ஏலம் விட்டிருக்கலாம். ஒரு கையில் சீலா மீனும் மறு கையில் பிளஸ் டூ கணக்குப் புத்தகமுமாக ஏலம் விட்டவர் எங்கள் சென்டம் அண்ணாச்சி ஒருவர்தான்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். செங்கல் சூளை, பரோட்டாக் கடை, லாரி என்று சுற்றிவிட்டு, திரேஸ்புரம் கடற்கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் உடைக்க வந்து சேர்ந்தேன். கை மரத்துப்போகும், சாப்பாடு கிடைக்கும். வந்த அன்றே ஏலக்கூடத்தில் அந்தக் குரலைக் கேட்டேன்.

"எண்ணூறு... எண்ணூத்தம்பது... சைன் ஸ்கொயர் பிளஸ் காஸ் ஸ்கொயர் ஒண்ணு... தொள்ளாயிரம்! ரெஜினா, எடுத்துக்கோ!"

யாரும் சிரிக்கவில்லை. பழகிவிட்டிருந்தார்கள்.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. மற்ற பாடங்களில் எப்போதோ தேறிவிட்டார். கணக்கு மட்டும் பாக்கி. அதைத் தனித்தேர்வராக எழுதி நூற்றுக்கு நூறு வாங்கப்போகிறாராம்.

"பாஸானா போதாதா அண்ணாச்சி?" என்றேன்.

"போதாதுலே. ஸ்கூல்ல விடையெல்லாம் சரியா எழுதினேன். காப்பி அடிச்சேன்னு சொல்லி எல்லாரு முன்னாலயும் பேப்பரைக் கிழிச்சிட்டாங்க. அன்னைக்கு வெளிய வந்தவன்தான். நூறு எடுத்தவன காப்பின்னு எவன் சொல்லுவான்? அவன் யாரைப் பாத்து அடிச்சிருப்பான்?"

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று சொல்ல எனக்குப் படிப்பு போதவில்லை.

அதற்காக டியூஷனிலும் சேர்ந்திருந்தார். டீச்சருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். மாதிரித் தேர்வுத் தாளை நீட்டும்போது அந்தப் பெண்ணின் முகம் அழுவதுபோல் இருந்தது.

"அண்ணாச்சி, விடை அத்தனையும் சரி. மார்க் முப்பத்தொண்ணு."

"எப்படி டீச்சர்?"

"ஸ்டெப்பே இல்லையே! கேள்விக்குக் கீழ விடை மட்டும் நிக்குது. அது எப்படி வந்துச்சுன்னு எழுதணும்."

"ஏலத்துல ஸ்டெப் சொல்லிட்டிருந்தா மீன் நாறிரும் டீச்சர்!"

குவியலைப் பார்த்த மாத்திரத்தில் எடையும் விலையும் சொல்லும் ஆள். இருபது வருடமாக வாயில் விடை மட்டுமே வந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று அவரிடமே கேட்டால், மூச்சு எப்படி விடுகிறீர்கள் என்று கேட்டதுபோல் விழித்தார்.

வழி கண்டுபிடித்தவர் மீன்காரி ரெஜினா அக்கா. ஏலம் முடிந்ததும் ஐஸ் பெட்டி மூடியில் அண்ணாச்சி சாக்பீஸால் கணக்குப் போட, மீன்காரிகள் சுற்றி நின்றார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மலிவான சூடை மீன்கூட வாங்காதவர்கள்.

"இந்த ரெண்டு எங்கன போச்சு? மேல் வரியில இருந்துச்சே!"

"கேன்சல் ஆயிட்டு."

"யாரைக் கேட்டு?"

"மேலயும் கீழயும் ரெண்டு இருந்தா கேன்சல் பண்ணலாம் ரெஜினா."

"அப்ப அதை எழுதும். நாங்க என்ன கண்டோம்!"

இப்படி ஐந்து மாதம். ஒரு கணக்குக்கு மூடி போதாமல் இரண்டாவது பெட்டிக்குத் தாவினார். ஐஸ் எடுக்க வந்த படகுக்காரர்கள், "ஏலே, இன்டெக்ரேஷன் முடிஞ்சுதா? நாங்க கடலுக்குப் போவணும்!" என்று கத்தினார்கள். கணக்கு அழிந்துவிடக் கூடாதே என்று நான் மூடியைத் தட்டுபோல ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வந்த அன்று ஏலத்தை நிறுத்திவிட்டு போனைப் பார்த்தார். தொண்ணூற்றைந்து.

எங்களுக்குக் கைதட்டுவதா, துக்கம் விசாரிப்பதா என்று தெரியவில்லை. ரெஜினா அக்காதான் கேட்டார்: "மிச்சம் அஞ்சு எங்கன போச்சு?"

"கடைசிக் கணக்கு. விடை தெரியும். ஸ்டெப் எழுத நேரமில்ல. வெறும் விடையை எழுதினா ஸ்கூல்ல மாதிரி காப்பின்னு சொல்லிருவாங்கன்னு அந்த இடத்தைச் சும்மா விட்டுட்டேன்."

"ஒரு மார்க்காவது போட்டிருப்பாங்களே, கிறுக்கரே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் ரெஜினா அக்கா. அண்ணாச்சி சிரித்தார்.

பிறகு விடைத்தாள் நகலுக்கு எழுதிப் போட்டார். மறுகூட்டலுக்கு என்றுதான் நினைத்தோம். நகல் வந்ததும் நேராக ஐஸ் பெட்டியிடம் வந்து என் கையில் கொடுத்தார்.

"பாருலே. அத்தனையும் நான் எழுதினது. எழுதின கணக்குல ஒரு ஸ்டெப் விடல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.