சவுண்டுகாரரிடம் அப்பா என்ன சொன்னார்?

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே தராசைத் தொட்டால் அவர் சிரிப்பை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்பேன். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று யாராவது வீட்டுக்கு வந்தால், இவர்கள் என்ன கேட்கப் போகிறார்கள் என்று அவர்கள் செருப்பை மாட்டிக் கிளம்பும்வரை யோசிப்பேன். இந்தக் குணம் வானத்திலிருந்து விழவில்லை. மார்த்தாண்டத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் என் அப்பா, தான் பூட்டிய பூட்டைத் தானே திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ரகம். இப்படிப்பட்ட அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தையே கலங்கடித்த கதை இது.

அப்போதுதான் கல்லூரியை முடித்திருந்தேன். கணிதம் படித்தவள் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு லேப்டாப்பும் நிறைய பட்டன் உள்ள ஒரு பெட்டியும் வைத்துக்கொண்டு எலெக்ட்ரானிக் இசை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு தாளம் ஓடும். இன்னொன்றை அழுத்தினால் அதன்மேல் வேறொன்று ஏறும். குமிழைத் திருகினால் ஒலி மங்கும், தெளியும். எல்லாவற்றையும் மேடையிலேயே அடுக்கி மேடையிலேயே கலைக்க வேண்டும். அப்பாவுக்கு இதில் அஸ்திவாரத்திலேயே சந்தேகம்.

"அந்தப் பெட்டி பாடுதா, நீ பாடுதியா?"

"நான்தான்பா வாசிக்கேன்."

"பின்ன நீ சாயா குடிக்கப் போன பெறவும் ஓடிச்சே. நான் பாத்துட்டுதான நின்னேன்."

(தாளத்தை ஓடவிட்டுத்தான் போயிருந்தேன்.)

கொச்சியில் ஓர் இசைக்குழு, ஒரு வருடம் தங்களோடு வந்து வாசிக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தது. நான் கொச்சி என்றேன். அப்பா பி.எட். என்றார். சாப்பாட்டு மேசையில் தினமும் இதே பாட்டு. கடைசியில் அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள்: "ஷைனி கல்யாண ரிசப்ஷன்ல இவ வாசிக்கட்டு. நாலு பேரு கேக்கட்டு. கொள்ளாம், நல்லா இருக்குன்னு சொன்னாவன்னா கொச்சி. இல்லன்னா ஏட்டி, வாயப் பொத்திட்டு பி.எட்." ஷைனி அக்கா என் பெரியப்பா மகள். மாப்பிள்ளை மதுரைக்காரர். அப்பா யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதே எனக்கு உறுத்தியது.

இந்த இசையில் ஒவ்வொரு பகுதியையும் வாசித்துவிடுவது பெரிய காரியமில்லை. ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கடப்பதில்தான் உயிர் போகும். மெதுவான பகுதி எங்கே முடிந்தது, ஆட்டத் தாளம் எங்கே தொடங்கியது என்று கேட்பவருக்குத் தெரியவே கூடாது. நான் இதைக் கற்றுக்கொண்டது எங்கள் சர்ச்சில். பாட்டு முடிந்து போதகர் ஜெபத்துக்குப் போகும்போது கீபோர்டு வாசிக்கிறவர் கையை எடுக்க மாட்டார். ஒரு சுரத்தை மெல்லப் பிடித்தபடியே இருப்பார். எடுத்துவிட்டால் அத்தனை பேரின் இருமலும் கேட்டுவிடும். நானும் அப்படித்தான் செய்தேன். பழைய தாளம் மங்கும்போது அடியில் ஊதல்போல ஒரு நீண்ட ஒலியை ஓடவிட்டு, அதன்மேல் புதிய தாளத்தை ஏற்றுவேன். அந்த ஊதல் ரொம்ப மெல்லியது. என் அறையில் கேட்கும். ஊரே பேசிக்கொண்டிருக்கும் மண்டபத்தில் முங்கிப் போகும். அந்த நேரத்தில் மட்டும் சவுண்டுகாரர் கைகொடுக்க வேண்டும்.

மண்டபம் திருவட்டாறு போகிற வழியில் இருந்தது. சவுண்டுகாரர் செல்வத்தை மாப்பிள்ளை வீட்டார் மதுரையிலிருந்து கூடவே அழைத்து வந்திருந்தார்கள். கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்களைக் கூட்டி வருவார்கள். சவுண்டுகாரரையுமா? இருந்தாலும் பணிவாகவே போய்ச் சொன்னேன்.

"அண்ணே, பாட்டு மாறும்போ நான் கை தூக்குவேன். அப்பம் கொறச்சு கூட்டணும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒவ்வொரு தடவையுமாம்மா?"

"ஒவ்வொரு தடவையும்."

மேடையில் ஒயரை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன், அப்பா செல்வத்தின் காதருகே குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் பார்ப்பதைக் கண்டதும் அப்பா சட்டென்று திரும்பித் தூணில் கட்டியிருந்த பூவைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். பூவைப் பற்றி அப்பாவுக்கு என்ன தெரியும்?

முதல் பகுதி நன்றாகவே போயிற்று. சித்தி மட்டும் மேடைக்குப் பின்னால் வந்து நின்று, நான் நிஜமாகவே வாசிக்கிறேனா என்று என் கையைக் காவல் காத்தாள். முதல் கடப்பு வந்தது. ஊதலை ஓடவிட்டுக் கையைத் தூக்கினேன். சத்தம் மொத்தமாகப் போயிற்று. ஊதலும் இல்லை, ஒன்றும் இல்லை. பந்திக் கூடத்தில் வாளி உரசுவது துல்லியமாகக் கேட்டது. "கரண்டு போச்சா?" என்று யாரோ கேட்டு முடிப்பதற்குள் ஸ்பீக்கர் ஒரே உறுமலாக உறும, தாய் மடியில் தூங்கிய குழந்தை வீரிட்டு அழுதது. நான் செல்வத்தைப் பார்த்தேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். (கெடுத்துவிட்டுக் கட்டைவிரல் காட்டுகிற ஆளை அன்றுதான் முதலில் பார்த்தேன்.)

இரண்டாவது கடப்பிலும் அதே கதை. இந்தத் தடவை மைக் வைத்திருந்த மாமா ஒருவர் கச்சேரி முடிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். "அருமையான இசை. பந்தி ரெடியா இருக்கு, எல்லாரும் வரணும்" என்றார். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசை முழுக்க எழுந்தது. அந்த நேரம் பார்த்து ஆட்டத் தாளம் வெடித்துக் கிளம்ப, கூட்டம் என் தாளத்துக்குக் கால் போட்டபடி சாப்பிடப் போயிற்று.

அப்பா அசையாமல் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. கொச்சி போயிற்று, பி.எட். வந்தாயிற்று. சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க மூன்றாவது கடப்பில் கையைத் தூக்கவே இல்லை. அப்படியும் சத்தம் போயிற்று. ஆக, வேறு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். யாரென்றும் தெரியும். மணமேடையில் இருந்த ஷைனி அக்கா பக்கம் திரும்பிப் பொருமினேன். என் முன்னால் ஒரு மைக் நிற்பதும், அதன் சத்தமும் செல்வம் கையில்தான் இருக்கிறது என்பதும் நினைவில் இல்லை.

"அக்கா, நான் ஒண்ணும் செய்யல. என்னை பி.எட்.ல தள்ளதுக்கு" என்பதுவரை யாருக்கும் கேட்கவில்லை. அங்கே செல்வம் கூட்டினார். "எங்கப்பா சொல்லி வச்ச வேலை" என்பது மண்டபம், பந்தி, வாசலில் நின்ற வேன் டிரைவர்கள் உட்பட அனைவருக்கும் கேட்டது.

அப்பா எழுந்தார். என்னிடம் வரவில்லை. நேராகச் செல்வத்திடம் போனார்.

"தம்பி, நான் உங்ககிட்ட சொன்னத இப்பம் செய்யுங்க பாப்போம். கொறச்சு கூட்டுங்க."

செல்வம் செய்தார். சத்தம் செத்தது, பிறகு உறுமியது. அப்பாவின் முகம் மாறியது. "ஓ, அப்பம் இது அங்கேருந்து வாற வேலையாக்கும்" என்று மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பினார். "எம் மவ நல்லா வாசிச்சா உங்களுக்கு என்ன நட்டம்?"

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். எங்கள் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். ஷைனி அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் உயிரோடு இருந்ததே அதிசயம். அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறந்தார்.

"நாங்களா கெடுக்குறோம்? மத்தியானத்துலேர்ந்து நாங்கள்ல பாத்துக்கிட்டு இருக்கோம். இலையில கெடந்ததே ரெண்டு கை சோறு. உங்காளு வந்து 'கொறச்சு சோறு வைக்கட்டா'ங்கிறாரு. இருக்குறதையும் குறைக்கப் பாக்குறாங்களேன்னு எந்திரிச்சுட்டேன். பாயசத்துக்கும் அதேதான். 'கொறச்சு ஊத்தட்டா'வாம்."

முதலில் அம்மா சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "மைனி, கொறச்சுன்னா எங்க ஊர்ல கொஞ்சம்னு அர்த்தம்."

செல்வம் கைகளை அப்படியே சவுண்டுப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார். "அப்ப கொஞ்சமாக் கூட்டணுமா? குறைச்சுட்டு அப்புறம் கூட்டச் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன். இந்த மாதிரி மியூசிக்ல அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

"நான் கை தூக்காமலே செஞ்சீங்களே" என்றேன். விடுகிற எண்ணம் எனக்கு இல்லை.

"ஐயா சொன்னாருல்லம்மா. 'எம் மவ பதட்டத்துல கை தூக்க மறந்துருவா. அந்த ஊதல் மட்டும் கேட்ட உடனே நீங்களே கொறச்சு கூட்டிருங்க. அது முங்கிச்சுன்னா மொத்தமும் போச்சு'ன்னாரு."

அந்த ஊதலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. என் சிநேகிதிகளுக்குக்கூட அப்படி ஒன்று ஓடுவது தெரியாது. அப்பா எத்தனை நாள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருந்தால் அதைப் பிடித்திருப்பார். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரோ மறுபடி தூணில் இருந்த பூவிடம் போய்விட்டார்.

முதலிலிருந்து வாசித்தேன். செல்வம் கொஞ்சமே கொஞ்சம் கூட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் ஆடினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கிண்ணம் நிறையப் பாயசம் போயிற்று. "ஏட்டி, பாட்டு எப்பம் மாறிச்சு? நான் கைய விட்டுக் கண்ண எடுக்கவே இல்லியே" என்று சித்தி என்னைக் குற்றவாளிபோல் கேட்டாள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா கார்க் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கொச்சியில சவுண்டுகாரன் எந்த ஊரு ஆளு?"

கொச்சிக்குப் போனேன். இன்னும் அங்கேதான் வாசிக்கிறேன். எங்கள் வீட்டில் குழம்பில் உப்புக் கூடினாலும், பஸ் தாமதமானாலும், துணி காயப்போட்டதும் மழை வந்தாலும் "எங்கப்பா சொல்லி வச்ச வேலை" என்று யாராவது ஒருவர் என் குரலில் சொல்வார்கள். ஷைனி அக்கா மதுரையிலிருந்து போன் செய்து சொல்வாள்.

போன மாதம் என் நிகழ்ச்சிக்கு அப்பா கொச்சிக்கு வந்து சவுண்டுகாரருக்குப் பின்னாலேயே நின்றார். முடிந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. நான் இறங்கிப் போய், "கேட்டீங்களாப்பா?" என்றேன்.

"எல்லாம் நான் சொல்லி வச்ச வேலதான்" என்றார்.

எல்லோரும் கிளம்பிய பிறகும் அவரைச் சுற்றி நின்ற சிலர் மட்டும் விடாமல் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு லேசாகச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.