வரப்புக்கு இரண்டு பக்கமும்

பொழுது சாயும் நேரம். சின்னராசு தன் செம்மறி ஆடுகளைப் பக்கத்துக் கொல்லைக்குள் ஓட்டுவதைப் பார்த்ததும் பொன்னுரங்கத்துக்கு வயிறு எரிந்தது. ராத்திரி ஆடுகளை வலைக்குள் அடைத்துக் கிடை மடக்கினால் விடியும்போது நிலம் முழுக்க எரு. பொன்னுரங்கமும் மரவள்ளி நடப்போகிறவர்தான். போன வருஷம் கிழங்கு விரல் பருமன்கூட இல்லை. இந்த வருஷமும் அப்படியானால் வடக்கனந்தலில் தலை காட்ட முடியாது. சின்னராசுவோ மறுநாள் மந்தையோடு கல்வராயன் மலைப் பக்கம் போகிறான். இன்று விட்டால் போச்சு.

"யாரு வரச்சொன்னது உன்ன?"

"நாராயணசாமி அண்ணன் போன் போட்டாருங்க. அவரு கொல்லதானங்க இது?"

பொன்னுரங்கம் வரப்பில் ஏறி நின்று இரண்டு கொல்லையையும் கண்ணால் அளந்தார். காலையில் கள்ளக்குறிச்சியில் விவசாயிகளுக்குப் பயிற்சி. அதிகாரி ஒருவர் பலகையில் 'வின்-வின்' என்று எழுதி, இதில் தோற்பவர் கிடையாது, இரண்டு தரப்பும் ஜெயிக்கும் என்று விளக்கினார். அங்கே கொடுத்த எலுமிச்சை சாதத்தைவிட அந்த வார்த்தை பொன்னுரங்கத்துக்குப் பிடித்துப்போயிற்று.

"சின்னராசு, வின்-வின் தெரியுமா?"

"எந்த ஊரு ஆடுங்க அது?"

"ஆடு இல்லடா! வரப்பு நடுவுல வர்ற மாதிரி வலையக் கட்டு. பாதி எரு அவருக்கு, பாதி எனக்கு. உனக்கு என் வூட்லேர்ந்தும் சோறு."

"எனக்கு ரெண்டு சோறுங்களா? நல்ல வார்த்தையாதாங்க கீது."

வலை கட்டியாயிற்று. ஆனால் பொன்னுரங்கத்தின் பக்கம் பள்ளம். ஆடுகள் அத்தனையும் நாராயணசாமியின் மேட்டில் ஏறிப் படுத்துக்கொண்டன.

பொன்னுரங்கம் ஓடிப்போய்க் கடலைக்கொடி கொண்டுவந்து தன் பக்கம் கொட்டினார். ஆடுகள் எழுந்து வந்தன. ஒரு இலை விடாமல் தின்றன. மேட்டுக்குத் திரும்பிப் போய் வாலைத் தூக்கின.

"என் தீனிய துன்னுட்டு, எருவ அங்க போட்டுக்கினு கீதுங்களே!"

"அதுங்க பயிற்சிக்கு வரலீங்களே."

மேட்டை ஈரமாக்கினால் ஆடுகள் இறங்கிவிடும் என்று தோன்றியது. மோட்டாரைப் போட்டுக் குழாயை அங்கே இழுத்துவிட்டார். வின்-வின்னில் இதற்கெல்லாம் இடமுண்டா என்று அதிகாரியைக் கேட்டிருக்கலாம் என்று மனசு லேசாக உறுத்தியது. தண்ணீர் மேட்டில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நேராகப் பள்ளத்துக்கு வந்தது. அவருடைய கொல்லை சேறானது. அவர் பக்கம் மிச்சமிருந்த ஒரே ஒரு நொண்டி ஆடும் தாவி மேட்டுக்குப் போய்விட்டது.

அந்நேரம் பார்த்து நாராயணசாமி பைக்கில் வந்து இறங்கினார்.

கணுக்கால் சேற்றில் நின்ற பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "நீதான்யா ஜெயிச்ச. நான் தோத்துட்டேன்."

நாராயணசாமி ஆடுகளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"நான் எங்கய்யா ஜெயிச்சேன்? உனக்கு ஒரு கொல்ல பத்தலன்னு உன் வூட்டுக்காரம்மாதான் இத குத்தகைக்கு எடுத்துக்கினு, ஆட்டுக் கெடை போடவும் ஏற்பாடு பண்ணச் சொன்னாங்க. வெளஞ்சதும் கெழங்க காட்டி உன்ன அசத்தணுமாம், அதுவரைக்கும் நான் வாயத் தொறக்கக் கூடாதாம்!"