படத்தை நிறுத்தச் சொன்னவன்

பைத்தியம் பற்றி எனக்கிருந்த அறிவு முழுவதும் பதுளை தியேட்டரில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் வாங்கிப் பெற்றது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது அதை நான் படிப்பு என்றே நினைத்திருந்தேன். சினிமாவில் ஒருவனுக்குப் புத்தி பிசகினால் தலைமுடி தானாகக் கலையும், சட்டை கிழியும், சிரிப்பு மெல்ல ஆரம்பித்துக் கூரையில் போய் முட்டும். குணமாவதற்கும் ஒரே வழிதான். தலையில் அடி விழ வேண்டும். (அடிக்க ஆள் கிடைக்காவிட்டால் கதாநாயகி பாடினாலும் போதும்.)

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்தொன்பது வயதானபோது, இந்த அறிவுக்கு வேலை வந்தது. நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் அண்ணன், கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார்.

அந்த வருடம் இரண்டு மாதம் அவர் தூங்கவே இல்லை. வாசலில் அறுபது ரோஜாப் பதியன் நட்டார். தேயிலை மலைகளுக்கெல்லாம் புதுப் பெயர் வைத்து, தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பதினேழு பக்கத்தில் கடிதம் எழுதினார். அவர் பேசுவதைக் கேட்டால் நமக்கே றெக்கை முளைத்துவிடும். பிறகு ஒரு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், மூன்று மாதம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. இதற்கு இருதுருவ மனநோய் என்று ஒரு பெயர் இருப்பது எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அதையும் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணன் நிதானமாகத்தான் இருந்தார். நிதானம் இழந்தவன் நான். மூன்று வாரம் அவர் சட்டைப் பொத்தான்களைக் காலையும் மாலையும் எண்ணினேன். நெற்றியில் ஒரு கற்றை முடி விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது. அம்மிக் குழவியைப் பார்த்து ஒருமுறை யோசித்ததும் உண்டு. (நல்லவேளை, யோசனையோடு நின்றது.)

பயத்துக்குக் காரணம் இருந்தது. அண்ணனை மறுபடி வேலைக்கு எடுப்பதா என்று துரை கேட்கப்போவது தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஐயாவிடம். திங்கட்கிழமை காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடத்துக்கு, அண்ணன் வரட்டும், ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். அம்மாவையும் தங்கச்சிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அதற்கு முந்தின நாள், ஞாயிறு, பதுளையில் ஒரு படம் பார்த்துவிட்டு வரலாம் என்றார் அண்ணன். அடுப்பு வேலையாக இருந்த அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து, "கூடவே இரு. கைய விட்டுடாத" என்றார். நான் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன். பசறையில் பஸ் ஏறியதிலிருந்து தியேட்டர் வாசல் வரை அண்ணனின் மணிக்கட்டு என் பிடியில்தான் இருந்தது. போஸ்டரில் ஒரு ஜோடி பூந்தோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஆபத்தில்லை என்று உள்ளே போனோம்.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், எங்களுக்கு நேர் பின் வரிசையில் பெரிய கிளாக்கர் ஐயா, மனைவியோடு. அண்ணன் எழுந்து வணக்கம் சொன்னார். நான் அண்ணனின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கதாநாயகன் வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது. எத்தனை தந்தி பார்த்தவன் நான். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வயிற்றை வலிக்கிறது, வெளியே போவோம் என்று அண்ணனைக் கிள்ளினேன். அவர் இப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது என்று கையை விலக்கினார். திரையில் முடி கலைந்தது. கண் உருண்டது. கதாநாயகன் சட்டையைக் கிழித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். தியேட்டரே கப்சிப்.

அந்த அமைதியில் என் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மெல்ல ஆரம்பித்தது.

அதற்கப்புறம் நான் செய்ததற்கெல்லாம் நான்தான் பொறுப்பு. என் கைக்குட்டையை அண்ணன் வாயில் வைத்து அமுக்கினேன். அவர் திமிறினார். சிரிப்பு மேலேறியது. நான் நாற்காலி மேலேயே ஏறி நின்று, புரொஜெக்டர் அறையைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். "படத்த நிறுத்துங்க. எங்க அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. படத்த நிறுத்துங்க."

வெளிச்சம் என்மேல் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், திரையில் கதாநாயகனை மறைத்துக்கொண்டு என் தலை நிழல், முடி குத்திட்டபடி, யானை அளவுக்குத் தெரிந்தது. கேலரியிலிருந்து விசில் பறந்தது. இறங்கப் போனவனின் சட்டை நாற்காலி ஆணியில் மாட்டி, தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. யாரோ விளக்கைப் போட்டார்கள். நான் படித்த அறிகுறிகள் ஒன்று விடாமல் என்மேல் இருந்தன.

பெரிய கிளாக்கர் ஐயா எழுந்து நின்றார். முடிந்தது எங்கள் வீடு என்று நினைத்தேன். அண்ணன் மட்டும் பதறாமல், தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு அவரிடம் திரும்பினார்.

"மன்னிக்கணுங்க ஐயா. என் தம்பிதாங்க. படத்த நெசம்னு நெனச்சு பயந்துட்டான். நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அண்ணன் தோளில் கை வைத்தார். "பாவம், ஒன் தலையில எவ்வளவு பொறுப்பு. நீ நாளைக்குப் பெரட்டுக்கு வந்து வேலையிலயே சேந்துடுப்பா. இவன ஆஸ்பத்திரிக்குக் காட்டு."

இப்படித்தான் அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு நான் அழுதுகொண்டே வந்தேன். எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டேன். கதாநாயகன் அந்தக் காட்சிக்குள் வரும்போது போட்டிருந்தது கட்டம் போட்ட சட்டையாம், கிழித்தது வெள்ளைச் சட்டையாம். அதைக் கண்டுபிடித்தவர் அந்தத் தியேட்டரிலேயே அவர் ஒருத்தர்தான். பிறகு சொன்னார்.

"எனக்கு நல்லா இல்லாதப்ப நான் சிரிக்கவே இல்லடா. சொவத்தப் பாத்துக்கிட்டு கெடந்தேன். அத யாரு படம் எடுக்கப் போறாங்க, யாரு டிக்கட் வாங்குவாங்க?"

மூன்று வாரம் அவர் பொத்தான்களை எண்ணியவன், எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூட அவரைக் கேட்டதில்லை. அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சட்டை கிழிந்ததைவிட அதுதான் பெரிய அவமானம்.

பெரிய கிளாக்கர் ஐயா ஓய்வு பெறும்வரை என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று விசாரிப்பார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்துக்கும் இந்தக் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. (பெண் சிரித்துவிட்டாள். இன்றைக்கும் சிரிக்கிறாள்.) டிவியில் யாராவது முடியைக் கலைத்துக்கொண்டால் பேரப்பிள்ளைகள் திரையைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறார்கள்.

அண்ணனுக்கு அது அதற்கப்புறமும் நாலைந்து முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அவரே முதலில் கண்டுபிடித்தார். தூக்கம் குறைந்தாலோ, சுவர்ப் பக்கம் திரும்பத் தோன்றினாலோ எனக்குச் சொல்லி அனுப்புவார். வார்த்தை எப்போதும் ஒன்றுதான். போன மாதமும் போன் வந்தது.

"தம்பி, படத்த நிறுத்தணும் போல இருக்குடா. டாக்டர்கிட்ட போவோமா?"

வந்துகொண்டே இருக்கிறேன், எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சொன்னார். நெடுநேரம் சொன்னார். வைக்கும்போது, "நல்ல சட்டையா போட்டுக்கிட்டு வா" என்றார்.